லாரிக்குக் கூண்டு கட்டிய வரலாறு

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து, களியக்காவிளையில் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைகிறது. அச்சாலைக்குத் தெற்கே, எல்லையை ஒட்டி அமைந்த சிற்றூர் காரோடு. கழக்கூட்டத்தில் தொடங்கித் திருவனந்தபுரம் நகரின் நெரிசலை விலக்கிச் செல்லும் புதிய புறவழிச்சாலை, கேரள எல்லைக்குள் இவ்வூரில்தான் வந்து முடிகிறது. இங்கே சாலையோரத்தில் ஒரு நாழிகை நின்று பார்த்தால் போதும். அரிசி, காய்கறி, முட்டை, சிமெண்டு, கருங்கல் எனப் பலவகைச் சரக்குகளைச் சுமந்த லாரிகள் இரு திசையிலும் ஓடுவதைக் காணலாம்.

அவ்வண்டிகளின் முகப்பிலே இயந்திரம் செய்த கம்பெனியின் பெயர் பளிச்சென்று தெரியும். கூண்டு கட்டிய பட்டறையின் பெயரோ எங்கேனும் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும். பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. ஆயினும், ஆலையிலிருந்து வெளிவரும்போது பல லாரிகள் பாதி வண்டிகளே. எஞ்சிய பாதியைக் கட்டி முடித்தவை நம் நாட்டுப் பட்டறைகள். அந்தப் பாதி எவ்வாறு உருவாயிற்று, எதை முதலில் எண்ணிக் கட்டப்பட்டது, யாரை மறந்து கட்டப்பட்டது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இயந்திரம், சக்கரங்கள், அச்சுகள், அவற்றைத் தாங்கும் இரு நீண்ட எஃகுச் சட்டங்கள் ஆகிய இவற்றின் தொகுதியை ஆங்கிலேயர் பிரெஞ்சு மொழியிலிருந்து கடன் வாங்கிய சொல்லால் சேஸிஸ் என்றனர். நம் பட்டறைகளில் அது சேஸ் என்று சுருங்கிவிட்டது. அரசாங்கப் படிவங்களைத் தமிழாக்கும் நம் போன்றோர் அடிச்சட்டம் என்று எழுதுகிறோம். அதன்மேல் அமையும் பகுதிக்கு உடல் என்று எழுதினால் பொருள் விளங்குமேயன்றி, தொழில் செய்வோர் நாவில் அச்சொல் நிற்பதில்லை. அவர்கள் பாடி என்பர். அன்றேல் கூண்டு என்பர். கூண்டு என்னும் சொல் நமக்குப் புதியதன்று. மோட்டார் வருவதற்கு முன்பே, வளைந்த கூரையிட்ட மாட்டு வண்டியைக் கூண்டு வண்டி என்றே அழைத்தோம். மாட்டு வண்டிக்குக் கூண்டு கட்டிய தச்சரும் கொல்லரும் மோட்டார் வண்டிக்கும் அதையே கட்ட முற்பட்டபோது, தொழிலோடு சொல்லும் சேர்ந்து இடம் பெயர்ந்தது.

சென்னையிலும் இதே நிகழ்ச்சி நடைபெற்றது. 1840ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சிம்சன் கம்பெனி, முதலில் குதிரை வண்டிகளைக் கட்டிக் கொடுத்து வந்த நிறுவனம். 1903இல் அதே கம்பெனி நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் சென்னையில் உருவாக்கியது. பின்னர் மோட்டார் வண்டிகள் கப்பல்களில் வந்திறங்கத் தொடங்கியதும், குதிரை வண்டிக்கு மரம் இழைத்த கைகளே அவற்றின் மேற்கட்டுமானத்தையும் செய்தன. இயந்திரம் கடல் கடந்து வந்தது. கூண்டு உள்ளூரில் எழுந்தது. முழு வண்டியைக் கப்பலில் கொண்டுவருவதைக் காட்டிலும், அடிச்சட்டத்தை மட்டும் தருவித்து இங்கே கூண்டு கட்டுவது கூலியிலும் கப்பற் கட்டணத்திலும் சிக்கனம் என்பதே இதற்குக் காரணம்.

காரோட்டுப் பகுதி மக்கள் தம் கண்முன்னே கண்ட பெரிய எடுத்துக்காட்டு 1938ஆம் ஆண்டில் வந்தது. அக்காலத்தில் இந்நிலப்பகுதி முழுவதும் திருவிதாங்கூர் சமஸ்தானத்திற்கு உட்பட்டிருந்தது; சமஸ்தானத்தின் தென்னெல்லை களியக்காவிளையன்று, ஆரல்வாய்மொழிக் கணவாய். ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், சாலைப் போக்குவரத்தை அரசே நடத்துவதென முடிவாயிற்று. லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய சால்ட்டர் என்னும் ஆங்கிலேயர் 1937இல் அதன் மேலாளராக அமர்த்தப்பெற்றார். இங்கிலாந்திலிருந்து கோமர் கம்பெனியின் 60 அடிச்சட்டங்கள் தருவிக்கப்பட்டன. அவற்றில் பெர்க்கின்ஸ் டீசல் இயந்திரங்கள் பொருத்தப்பட்டிருந்தன. சால்ட்டரின் மேற்பார்வையில் உள்ளூர்த் தொழிலாளர்கள் அவற்றின்மீது மரத்தாலான பஸ் கூண்டுகளைக் கட்டினர். 1938 பிப்ரவரி 20ஆம் நாள் மகாராஜா அந்தப் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். அரசு முதலில் எடுத்துக்கொண்ட தடங்களுள், நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கடந்து நாகர்கோவில், கன்னியாகுமரிக்குச் செல்லும் இந்தத் தென்சாலையும் ஒன்று. இன்றும் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பணிமனை, இதே சாலையின்மேல் திருவனந்தபுரத்தை அடுத்த பாப்பனங்கோட்டில்தான் இருக்கிறது.

அந்தப் பஸ்களைக் கட்டியோர் எதை முதலில் எண்ணினர்? பயணியை எண்ணினர். இருக்கை எத்தகையது, நடைபாதை எவ்வளவு அகலம், மழைச்சாரல் உள்ளே வருமா என்பனவே அவர்கள் முன் நின்ற கேள்விகள். பயணி காசு கொடுத்துச் சீட்டு வாங்குபவர். குறை கண்டால் வாய் திறந்து சொல்பவர். சரக்கு லாரியின் நிலை வேறு. மூட்டைக்கு வாயில்லை. வண்டியை ஓட்டுபவரோ பெரும்பாலும் அதற்கு விலை கொடுத்தவர் அல்லர். இந்த எளிய வேற்றுமை, பின்வந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக லாரிக் கூண்டின் அமைப்பைத் தீர்மானித்தது எனலாம்.

இடையில் இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது பஸ்களின் பின்புறத்திலும் லாரிகளின் பக்கவாட்டிலும் கரியை எரித்து வாயு உண்டாக்கும் உருளைகள் பொருத்தப்பட்டன. மதுரை டி.வி.எஸ். நிறுவனமும் சென்னைச் சிம்சன் கம்பெனியும் இத்தகைய கரிவாயுக் கருவிகளைச் செய்தளித்தன. காலையில் கரியைக் கொட்டிக் கிளறி, வாயு எழும் வரை காத்திருந்து, பிறகு வண்டியைக் கிளப்பிய அந்நாளைய தொழிலாளர்கள், அயல்நாட்டு வண்டியை நம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்னும் துணிவைப் பெற்றனர். அத்துணிவு போருக்குப் பின் பெரிதும் பயன்பட்டது.

விடுதலைக்குப் பின் அடிச்சட்டங்களே நம் நாட்டில் உருவாகத் தொடங்கின. 1948இல் ரகுநந்தன் சரண் என்பார் சென்னையை அடுத்த எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என்னும் தொழிற்சாலையை நிறுவினார். முதலில் அங்கு ஆஸ்டின் கார்கள் இணைக்கப்பட்டன. 1950இல் இங்கிலாந்தின் லேலண்டு கம்பெனியுடன் உடன்பாடு ஏற்பட்டு, காமெட் என்னும் கனரக அடிச்சட்டங்கள் உருவாக வழி பிறந்தது. 1955இல் கம்பெனியின் பெயர் அசோக் லேலண்டு என மாறியது. வடக்கே ஜாம்ஷெட்பூரில் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் கம்பெனியுடன் கைகோத்து 1954இல் தன் முதல் லாரியை வெளியிட்டது. அடிச்சட்டத்திற்காகக் கப்பலை எதிர்நோக்கியிருந்த காலம் மெல்ல மறைந்தது.

இதே ஆண்டுகளில்தான் காரோட்டின் தலைவிதியும் மாறியது. மொழிவழி மாநிலச் சீரமைப்பின்படி 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. தமிழர் கோரிய நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆரல்வாய்மொழியில் இருந்த எல்லை களியக்காவிளைக்கு நகர்ந்தது. பிழைப்பைத் தேடி வெளிமாநிலம் சென்ற தமிழர் பலர். இப்பகுதித் தமிழரோ இருந்த இடத்தை விட்டு அசையாமலே வெளிமாநிலத்தார் ஆயினர். அன்றுவரை ஒரே ஆட்சியின் சாலையில் ஓடிய நாஞ்சில் நாட்டு நெல் வண்டி, அன்று முதல் மாநில எல்லையைக் கடக்கும் வண்டியாயிற்று. எல்லை வந்தபின் அனுமதிச் சீட்டு, வரி, சோதனைச் சாவடி ஆகியனவும் வந்தன. அவற்றோடு ஓட்டுநரின் காத்திருப்பும் வந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இச்சாலை நெடுங்காலம் தேசிய நெடுஞ்சாலை 47 என்னும் எண்ணைப் பெற்றிருந்தது. சேலத்தில் புறப்பட்டு, சங்ககிரி, பவானி, கோயம்புத்தூர், பாலக்காடு, எர்ணாகுளம், திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் அது நீண்டது. 2010இல் எண்கள் மாற்றப்பட்டபோது வடபகுதி 544 ஆகவும், தென்பகுதி 66இன் அங்கமாகவும் பிரிந்தன. பழைய எண்ணை நாம் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. அச்சாலையின் வடமுனையை ஒட்டிய சங்ககிரி, அதன் அருகிலுள்ள திருச்செங்கோடு, நாமக்கல் ஆகிய ஊர்களே லாரித் தொழிலிலும் கூண்டு கட்டும் தொழிலிலும் தமிழகத்தில் பெயர் பெற்றவை. மானாவாரி வேளாண்மை கைகொடாத அந்நிலத்தில், குடியானவர் பலர் லாரித் தொழிலில் இறங்கினர். கிளீனராகச் சேர்ந்து, ஓட்டுநராகி, பின்னர்ப் பங்குக்கு ஒரு வண்டி வாங்கி உரிமையாளர் ஆனோர் உண்டு. வண்டி பெருகப் பெருக, அதற்குக் கூண்டு கட்டும் பட்டறைகளும் பெருகின. பஸ்ஸுக்குக் கரூர், லாரிக்கும் எரிவாயு டாங்கருக்கும் நாமக்கல், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு என்று நாடெங்கும் பெயர் பரவியது. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர், தொலைதூர நெடுஞ்சாலையில் தமிழ் எழுத்துத் தாங்கிய லாரி ஒன்றைக் கண்டு மகிழ்வது உண்டு. அந்த மகிழ்ச்சிக்குப் பின்னே இவ்வூர்ப் பட்டறைகளின் உழைப்பு இருக்கிறது.

இனி, கூண்டு கட்டும் முறையைச் சிறிது காண்போம். லாரியின் அடிச்சட்டம் ஏணி போன்றது: இரு நீளச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். மேடு பள்ளத்தில் வண்டி ஏறி இறங்கும்போது இந்த ஏணி சற்றே முறுக்கிக்கொள்ளும், முறுக்கிக்கொள்ள வேண்டும். ஆகவே அதன்மேல் அமையும் கூண்டு, அசைவே இல்லாதபடி இறுகப் பிணைக்கப்பட்டால் எங்கேனும் ஓரிடத்தில் விரிசல் காணும். இதனை அறிந்த தொழிலாளி, சட்டத்திற்கும் கூண்டிற்கும் இடையே மரக்கட்டையோ ரப்பர்ப் பட்டையோ வைத்து, ஆங்கில யூ எழுத்தைப் போல் வளைந்த போல்ட்டுகளால் அணைத்துப் பிடிப்பார். நீளச் சட்டத்தின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் துளையிடுவதும் பற்றவைப்பதும் ஆகாது. வண்டியின் பாரம் முழுவதையும் இழுவையாகவும் அழுத்தமாகவும் தாங்குவன அவ்விளிம்புகளே. ஒரு துளை நாளடைவில் முறிவாக வளரும்.

பாரம் எங்கே அமரவேண்டும் என்பது அடுத்த கணக்கு. சரக்கின் நடுப்புள்ளி பின்னச்சுக்குச் சற்று முன்னே விழவேண்டும். பின்னே சென்றால் முன்சக்கரங்களின் பிடி தளர்ந்து, திருப்புதல் கடினமாகும். ஆதலால்தான் பின்னச்சுக்கு அப்பால் நீளும் பகுதி, இரு அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரத்தில் நூற்றுக்கு அறுபது பங்கை மீறலாகாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் வரையறுக்கின்றன, அகலம் 2.6 மீட்டருக்கு உட்பட்டிருக்கவேண்டும். எடைக் கணக்கும் உண்டு. இரண்டு அச்சு லாரி ஒன்று தன் எடையும் சரக்கும் சேர்த்து 16.2 டன் வரை இருக்கலாம் என்றிருந்த வரம்பு, 2018இல் 18.5 டன்னாக உயர்த்தப்பட்டது. வரம்பு எதுவாயினும், கூண்டின் எடையில் ஒரு குவிண்டால் கூடினால் ஏற்றும் சரக்கில் ஒரு குவிண்டால் குறையும். மிக இலேசாகக் கட்டினாலோ கூண்டு நெடுநாள் உழைக்காது. இவ்விரண்டிற்கும் இடையே வழி காண்பதே பட்டறையின் திறமை.

இவ்வளவு நுட்பமும் சரக்கைச் சுமப்பதற்காகவே செலவிடப்பட்டது. ஓட்டுநருக்கு என்ன செய்தோம்?

இக்கேள்விக்கு விடை காண, ஆலை வாயிலுக்குத் திரும்பிச் செல்லவேண்டும். பல்லாண்டுகளாக ஆலைகள் லாரிகளைக் கேபின் இல்லாத அடிச்சட்டங்களாகவே விற்றுவந்தன. முன்னே இயந்திரமும் அதை மூடிய தகடும் இருக்கும். அதன்பின் திருப்பு சக்கரம் நிற்கும். கதவு, கூரை, கண்ணாடி எதுவும் இரா. அதை வாங்கியவரின் ஓட்டுநர், ஒரு மரப்பெட்டியையோ தற்காலிக இருக்கையையோ போட்டு அமர்ந்து, முகத்தில் துணி சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, வெயிலிலும் மழையிலும் அதைப் பட்டறை வரை ஓட்டிவருவார். எண்ணூரிலிருந்து சங்ககிரிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஜாம்ஷெட்பூரிலிருந்து என்றால் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் மிகுதி. சட்டமும் இந்த இடைநிலையை அறிந்தே இருந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தற்காலிகப் பதிவுக்கு ஒரு மாதமே தந்தது. ஆனால் கூண்டு கட்டப்படாத அடிச்சட்டம் பட்டறையில் நிற்குமானால், கட்டணம் பெற்று அக்காலத்தை நீட்டிக்க இடமளித்தது. வண்டியின் நிறைவுறாத நிலைக்கு விதியில் இடமிருந்தது. அதன்மேல் திறந்த வெளியில் அமர்ந்து வந்தவரைப் பற்றி அவ்விதியில் ஒரு சொல்லும் இல்லை.

பட்டறையில் கேபின் கட்டப்பட்டபோதும், அது பெரும்பாலும் மரச்சட்டமும் மெல்லிய தகடும் கொண்டதாகவே அமைந்தது. இயந்திரத்தின் வெப்பம் உள்ளே ஏறும். எதிரே வண்டி மோதினால் ஓட்டுநரைக் காக்கும் வலிமை அதற்கு இல்லை. ஆயினும் அந்தக் கேபின்தான் ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் வீடு. அமரவிளையில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடியை நினைத்துப் பாருங்கள். 2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு-சேவை வரி நடைமுறைக்கு வந்து, வணிகவரிச் சாவடிகள் நீங்கும் வரை, எல்லை கடக்கும் லாரிகள் ஆவணங்களைக் காட்டி முத்திரை பெறாமல் நகர இயலாது. வரிசையில் நின்ற நேரமெல்லாம் அவர்கள் உண்டதும் உறங்கியதும் அந்தத் தகட்டுப் பெட்டிக்குள்தான். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று வகுத்தது. ஆனால் வேலை முடிந்தபின் ஓட்டுநர் எங்கே தலைசாய்ப்பார் என்னும் கேள்விக்கு, வண்டியின் அமைப்பில் நெடுநாள் விடை கிடைக்கவில்லை.

விடை சிறிது சிறிதாகவே வந்தது. கேபின் மோதலைத் தாங்குகிறதா என்று முன்புறத்திலும் கூரையிலும் பின்சுவரிலும் சோதிக்கும் தரவிதி வந்தது. லாரிக் கேபினும் கூண்டும் எவ்வாறு அமையவேண்டும் என்று வகுக்கும் ஏ.ஐ.எஸ். 093 என்னும் விதித்தொகுப்பு வந்தது. பின்னால் வரும் கார் லாரியின் அடியில் புகுந்துவிடாமல் தடுக்கும் குறுக்குத் தண்டும், பக்கத் தடுப்பும், இருளில் ஒளிரும் பட்டையும் கட்டாயமாயின. 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்னும் மத்திய அரசின் கணக்கைப் பார்ப்போர், அக்குறுக்குத் தண்டை வீண் செலவு என்று கூறார். இறுதியாக, 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபின்களில் குளிர்சாதனம் இருக்கவேண்டும் என்று 2023 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது. திருவிதாங்கூரில் மரக்கூண்டு பஸ்கள் ஓடத் தொடங்கிய 1938ஐ எண்ணினால், ஓட்டுநரின் வெப்பம் சட்டத்தின் கண்ணில் படுவதற்கு ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

இம்மாற்றத்தால் பட்டறைகளுக்குக் கவலையும் உண்டு. ஆலையே கேபினையும், சில வண்டிகளில் முழுக் கூண்டையும் கட்டி அனுப்பும்போது, தச்சருக்கும் தகட்டு வேலைக்காரருக்கும் வேலை குறையும். விதிப்படி சோதனை செய்து ஒப்புதல் பெறுவது சிறு பட்டறைக்குப் பெருஞ்செலவு. இக்கவலை நியாயமானதே, புதிய விதிகளைக் கற்கவும், சோதனைச் செலவைத் தாங்கவும் அவர்களுக்குத் துணை வேண்டும். ஆனால் பட்டறையின் பிழைப்பைக் காக்க ஓட்டுநரின் உயிரைப் பணயம் வைக்கலாகாது. கூண்டு வண்டி கட்டிய தச்சர், வண்டியோட்டிக்கு வெயில் படாதபடி கூரையை முன்னே சிறிது நீட்டி வைப்பதுண்டு. அந்தப் பரிவை மோட்டார் யுகத்தில் மறந்தோம். இன்று மீண்டும் கற்கிறோம்.

முக்கோலையிலிருந்து காரோடு வரை பதினாறு கிலோமீட்டர், தார் இன்றிக் கான்கிரீட்டால் அமைந்த சாலை. அதனருகே விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதத்தில் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. இனி இவ்வழியே கனரக வண்டிகள் மேலும் பெருகும். காரோட்டில் எல்லையைக் கடக்கும் லாரி ஒன்றை அடுத்த முறை காணும்போது, அதன் முகப்புப் பெயரோடு நில்லாமல், மூலையில் எழுதிய பட்டறைப் பெயரையும் படிப்போம். அதன்பின் கேபினுக்குள் ஒரு முறை நோக்குவோம். அங்கே அமர்ந்திருப்பவர் எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறார், இன்றிரவு எங்கே உறங்குவார் என்று எண்ணுவோம். ஊரை விட்டு வெகுதூரம் வந்து வாழும் நமக்கு, அந்த எண்ணம் அரிதன்று.